தியாகராஜருக்குக் கோயில் கட்டிய நாகரத்தினம்மாள்

குழந்தைகளே! திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, இரும்பை என்ற சிற்றூர் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்குள்ள மாகாளேஸ்வரர் கோயில், திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய பழமையான தலம். அந்தக் கோயிலைப் பற்றி எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு.

கடுவெளிச் சித்தர் என்ற முனிவர், ஒரு மரத்தடியில் அமர்ந்து கடும் தவம் செய்தார். அப்போது மழை பெய்யாமல் ஊரே வாடியது. அவர் தவம் கலைந்தால்தான் மழை வரும் என்று நினைத்த அரசன், கோயிலில் நடனமாடும் வள்ளி என்ற பெண்ணை அனுப்பினான். சித்தர் கண்ணை மூடியபடியே கையை நீட்டி, மரத்திலிருந்து விழும் சருகுகளை வாங்கி உண்பது வழக்கம். வள்ளி அந்தக் கையில் அப்பளங்களை வைத்தாள். ருசி தெரிந்து அவர் கண் விழித்தார். மழையும் பெய்தது. அந்த மகிழ்ச்சியில் கோயிலில் விழா எடுத்தார்கள். வள்ளி ஆடினாள். ஆட்டத்தின் நடுவே அவள் காற்சிலம்பு கழன்று விழுந்தது. நடனம் தடைபடக் கூடாதே என்று, சித்தரே அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். ஒரு முனிவர் நடனப் பெண்ணின் காலைத் தொடுவதா என்று சபையே கைகொட்டிச் சிரித்தது. சித்தர் கோபத்துடன் பாட, கோயில் லிங்கம் மூன்றாகப் பிளந்ததாம்.

வள்ளியின் கதை செவிவழிக் கதை. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது கதையல்ல. கோயில்களில் ஆடியும் பாடியும் பணி செய்த பெண்களைத் தேவதாசிகள் என்று அழைத்தார்கள். கடவுளின் தொண்டர் என்பது அந்தச் சொல்லின் பொருள். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பாட்டையும் நடனத்தையும் அழியாமல் காத்தவர்கள் அவர்கள். ஆனாலும் அவர்களுக்கு உரிய மரியாதையைச் சமுதாயம் தரவில்லை. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் அந்த வழக்கத்தால் பல பெண்களின் வாழ்க்கை துன்பத்தில் முடிந்தது. 1947ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

அந்தக் குலத்தில் பிறந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவரைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள், சிலர் தடுத்தார்கள். அவர் சாபம் எதுவும் கொடுக்கவில்லை. தான் உயிராக மதித்த ஓர் இசைக்கலைஞருக்குக் கோயில் கட்டினார். அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

முதலில் அந்த இசைக்கலைஞரைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அவர்தான் தியாகராஜ சுவாமிகள். 1767ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தஞ்சாவூருக்கு அருகே, காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் வாழ்ந்தார். இராமபிானிடம் பெரும் பக்தி கொண்டவர். பெரும்பாலும் தெலுங்கில் பாடல்கள் இயற்றினார். அவற்றில் ஏறக்குறைய எழுநூறு பாடல்கள் இன்று நமக்குக் கிடைத்துள்ளன. தெருவில் பாடிக்கொண்டே போய், வீட்டுக்காரர்கள் இடும் அரிசியை வாங்கி வந்து வாழ்வதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர். தியாகராஜர் அப்படித்தான் வாழ்ந்தார். தஞ்சை மன்னர் சரபோஜி அரண்மனைக்கு வந்து பாடும்படி அழைத்தும், அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

1847ம் ஆண்டு ஜனவரி 6ம் தேதி அவர் மறைந்தார். சில நாட்களுக்கு முன்புதான் துறவு பூண்டிருந்தார். துறவிகளைத் தகனம் செய்வதில்லை, அடக்கம் செய்வார்கள். காவிரிக் கரையில் அவரை அடக்கம் செய்து, மேலே துளசி மாடம் போல ஒரு சிறிய பிருந்தாவனம் எழுப்பினார்கள்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? சீடர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று பிரிந்து, அங்கங்கே தங்கள் வீட்டிலேயே குருவின் நினைவு நாளைக் கடைப்பிடித்தார்கள். அவருடைய பாடல்கள் ஊர் ஊராகப் பரவின. ஆனால் அவர் அடங்கிய இடத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. செடியும் கொடியும் மூடிவிட்டன.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். தியாகராஜர் வாழ்ந்த அதே காலத்தில், ஐரோப்பாவில் மொசார்ட் என்ற இசைமேதை இருந்தார். 1791ம் ஆண்டு, 35 வயதிலேயே வியன்னா நகரில் இறந்துபோனார். அவரைப் புதைத்த இடத்தில் பெயர்க்கல் கூட வைக்கவில்லை. பிற்காலத்தில் தேடியபோது, சரியான இடம் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திருவையாற்றிலும் அப்படி ஆகியிருக்கலாம். நல்ல வேளையாக 1903ம் ஆண்டில், தியாகராஜரின் நேரடிச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற சகோதரர்கள், வயதான காலத்தில் திருவையாறு வந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் செப்பனிட்டார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஆராதனை நடத்தும் முயற்சியும் தொடங்கியது. ஆராதனை என்றால் ஒரு மகானின் நினைவு நாளில் செய்யும் வழிபாடு.

இப்போது நாகரத்தினம்மாளிடம் வருவோம்.

1878ம் ஆண்டு நவம்பர் 3ம் தேதி, மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தியாகராஜர் மறைந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு! அவரை நேரில் பார்த்திருக்க வழியே இல்லை. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். அம்மா பெயர் புட்டலட்சுமி. அப்பா ஒரு வக்கீல். குழந்தை சிறியதாக இருக்கும்போதே அவர் இவர்களைக் கைவிட்டுவிட்டார். மகளை எப்படியாவது பெரிய கலைஞராக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் வைராக்கியம். மைசூரில் ஒரு பண்டிதரிடம் சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்க வைத்தார். நாகரத்தினம் படுசுட்டி; சொன்னதை உடனே பிடித்துக்கொள்வாள். ஆனால் அந்த ஆசிரியருக்கும் இவர்களுக்கும் மனக்கசப்பு வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா மைசூரை விட்டே கிளம்பிவிட்டார். பெரிய வித்வாம்சினியாகத்தான் மகள் இந்த ஊருக்குத் திரும்பி வருவாள் என்று உறுதி செய்துகொண்டார்.

பெங்களூரில் வயலின் வித்வானாக இருந்த உறவினர் ஒருவர் இவர்களுக்கு உதவினார். அங்கே முனுசாமப்பா என்பவரிடம் நாகரத்தினம் பாட்டுக் கற்றாள். இந்த முனுசாமப்பா யார் தெரியுமா? வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் மாணவர். கிருஷ்ணசாமி பாகவதரின் தந்தை வேங்கடரமண பாகவதர், தியாகராஜரின் நேரடிச் சீடர். கையிலிருந்து கைக்கு விளக்கு மாறுவதுபோலத் தியாகராஜரின் பாட்டு இந்தச் சிறுமியிடம் வந்து சேர்ந்தது. தன்னைத் தியாகராஜரின் பேத்திபோல அவர் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

நாகரத்தினம் சிறுமியாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். துக்கத்தை விழுங்கிக்கொண்டு அவள் படித்தாள். பதினைந்து வயதில் மேடை ஏறினாள். மைசூர் அரண்மனையிலும் கச்சேரி செய்தாள். அம்மாவின் சபதம் நிறைவேறியது. ஆனால் பார்க்க அம்மா இல்லை.

பிறகு சென்னைக்குக் குடிவந்தார். (இனி மரியாதையாக அழைப்போம், பெரிய பாடகியாகிவிட்டார் அல்லவா!) கன்னடம், தெலுங்கு, தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் தெரிந்தவர் என்பதால், கச்சேரியோடு ஹரிகதையும் செய்தார். பாட்டும் கதையுமாகப் புராணம் சொல்வதுதான் ஹரிகதை. ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். இசைத்தட்டுகளிலும் பாடினார். அந்தக் காலத்திலேயே சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் அவர்தான் என்பார்கள். நகை, வீடு, வண்டி என்று எதற்கும் குறைவில்லை.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் தஞ்சை அரண்மனையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர் தெலுங்கில் ஒரு காவியம் எழுதியிருந்தார். பிற்காலத்தில் அதை அச்சிட்டவர்கள், தன்னைப் பற்றியும் தன் குலத்தைப் பற்றியும் அவர் எழுதிய பகுதிகளை விட்டுவிட்டார்கள். நாகரத்தினம்மாளுக்கு மனம் பொறுக்கவில்லை. ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து, முழு நூலையும் 1910ம் ஆண்டு பதிப்பித்தார். சில பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஆங்கிலேய அரசு புத்தகத்தைத் தடை செய்தது. 1947ம் ஆண்டில்தான் தடை நீங்கியது. மறைந்துபோன ஒருவரின் பெயரை மற்றவர்கள் மறைக்கப் பார்த்தால், இந்த அம்மாள் சும்மா இருக்க மாட்டார்.

1921ம் ஆண்டு. நாகரத்தினம்மாளுக்கு 43 வயது நடந்துகொண்டிருந்தது. மைசூரைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரைத் தன் குருவாக மதித்தவர் நாகரத்தினம்மாள். திருவையாற்றுக்குப் போயிருந்த கிருஷ்ணப்பா, தியாகராஜரின் சமாதி கவனிப்பார் இல்லாமல் பாழடைந்து கிடப்பதைக் கண்டு வேதனையுடன் எழுதியிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வித்வான்கள் வருகிறார்கள், பாடுகிறார்கள், போய்விடுகிறார்கள். மற்ற நாட்களில் அது புதர்க்காடு.

நாகரத்தினம்மாளுக்கு மனசு பதறிவிட்டது. தனக்குச் சோறு போட்டதே அந்த மகானின் பாட்டுத்தானே! தியாகராஜர் கனவில் வந்ததாகவும் அவர் நம்பினார். உடனே திருவையாறு புறப்பட்டார்.

போனதும் மண்வெட்டியைத் தூக்கிவிட முடியுமா? அந்த நிலம் வேறொருவருக்குச் சொந்தமானது. யார் பெயரில் இருக்கிறது என்று அதிகாரிகளிடம் விசாரித்து, அலைந்து, கடைசியில் அதை முறைப்படி பெற்றார். இடத்தைச் சுத்தம் செய்தார். அந்த ஆண்டின் அக்டோபர் மாதத்திலேயே கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பணத்துக்கு எங்கே போவது? சம்பாதித்ததைப் போட்டார். போதவில்லை. நகைகளை விற்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண் கலைஞருக்கு நகை என்பது வெறும் அலங்காரம் அல்ல. குரல் போய்விட்டால், வயதாகிவிட்டால், அதுதான் சோறு. பென்ஷன் வாங்கும் எனக்கு இதன் அருமை தெரிகிறது. அந்தப் பாதுகாப்பைத்தான் அவர் காவிரிக் கரையில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றினார். சமாதியின் மேல் கருவறை எழுந்தது. தியாகராஜரின் சிலை வைக்கப்பட்டது. 1925ம் ஆண்டு ஜனவரி மாதம் குடமுழுக்கு நடந்தது. தினசரி பூஜைக்கும் ஏற்பாடு செய்தார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அப்போது ஆராதனை நடத்தியவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்திருந்தார்கள். ஒன்று பெரிய கட்சி. இன்னொன்று சின்னக் கட்சி. அரசியல் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்! எல்லாரும் சங்கீத வித்வான்கள்தான். ஒரே மகானுக்கு, ஒரே ஊரில், இரண்டு கட்சிகளும் தனித்தனியே விழா எடுத்தன. சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போயின. பெண்கள் அங்கே பாடக்கூடாது என்பதுதான் அது. அதிலும் தேவதாசி குலப் பெண்கள் பாடவே கூடாது.

யோசித்துப் பாருங்கள். இடத்தைத் தேடி வாங்கியவர் நாகரத்தினம்மாள். கோயில் கட்டியவர் அவர். சிலை வைத்தவர் அவர். தியாகராஜரின் சீடர் வழியில் பாட்டுக் கற்றவரும்கூட. ஆனால் ஆராதனை அன்று, அந்தச் சந்நிதிக்கு முன் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாட அவருக்கு உரிமை இல்லை! 1926ம் ஆண்டில் ஹரிகதை செய்ய வாய்ப்புக் கேட்டார். அதற்கும் இடமில்லை என்றார்கள். தியாகராஜருக்காக அழுவதற்கும் அவரைப் பாடிக் கொண்டாடுவதற்கும் யாருக்கு உரிமை என்பதை ஒரு சிலர் தீர்மானித்தார்கள். அந்த வித்வான்களின் பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் மேதைகள். ஆனால் இந்த ஒரு காரியம் எனக்கு இன்றும் ஜீரணிக்கவில்லை.

நாகரத்தினம்மாள் என்ன செய்தார்? கோயில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. அப்படிச் செய்திருந்தாலும் யார் தப்பு சொல்லியிருப்பார்கள்? 1927ம் ஆண்டு, தன்னைப் போன்ற பெண் கலைஞர்களை ஊர் ஊராகச் சேர்த்து அழைத்து வந்தார். முன்புறம்தானே மறுக்கப்பட்டது? கோயிலின் பின்புறம் பந்தல் போட்டார். அங்கே பெண்களே பாடினார்கள், ஹரிகதை செய்தார்கள், தியாகராஜருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். ஊரார் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர் வைத்தார்கள். ஆக, மூன்று கட்சிகள் ஆயின! ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல. பத்து வருடங்களுக்கும் மேலாக இப்படியே நடந்தது. இதற்கிடையே அவர் சென்னை வாழ்க்கையை விட்டுவிட்டுத் திருவையாற்றுக்கே வந்து குடியேறினார். பட்டும் வைரமும் அணிந்து மேடை ஏறியவர், எளிய கோலத்தில் அந்தச் சமாதியைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்தார்.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் தியாகராஜர் யார் என்று வகுப்பில் கேட்டால், நாலைந்து கைகளாவது உயரும். நாகரத்தினம்மாள் யார் என்று கேட்டால் ஒரு கைகூட உயராது. பாவம், பிள்ளைகள் என்ன செய்வார்கள், பாடப் புத்தகத்தில் இருந்தால்தானே! அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மெல்ல மெல்லக் காலம் மாறியது. மூன்று கட்சிகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று நல்லவர்கள் சிலர் முயன்றார்கள். எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலானவர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோற்சவ சபை என்ற பொது அமைப்பு உருவானது. 1941ம் ஆண்டின் ஆராதனையை எல்லாரும் சேர்ந்து நடத்தினார்கள். பெண்களும் பாடலாம் என்றானது. பின்பக்கப் பந்தலுக்கு இனி வேலை இல்லை. அப்போது நாகரத்தினம்மாள் அறுபதைத் தாண்டியிருந்தார்.

இன்றும் ஆண்டுதோறும் திருவையாற்றில் அந்த ஆராதனை நடக்கிறது. தியாகராஜர் மறைந்தது தேய்பிறையின் ஐந்தாம் நாள், அதாவது பஞ்சமி திதி. சந்திரனை வைத்துக் கணக்கிடுவதால், ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சந்நிதி முன் எதிரெதிர் வரிசைகளில் தரையில் அமர்ந்து, பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து பாடல்கள் அவை. முதல் பாடல் சமஸ்கிருதம், மற்றவை தெலுங்கு. பெரிய வித்வானும் நேற்றுக் கற்றுக்கொண்ட மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்களின் வரிசையும் இருக்கும். வயலின், மிருதங்கம், புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது, ஒருவரின் நினைவு நாள் என்பதே மறந்து திருவிழாப் போல ஆகிவிடும். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் என்ற நகரில் வாழும் நம்மவர்கள் 1978ம் ஆண்டு முதல் இதே போன்ற விழாவை நடத்தி வருகிறார்கள்.

நாகரத்தினம்மாள் தன்னிடம் மிச்சம் இருந்த சொத்துகளையும் தியாகராஜர் சந்நிதிக்கே உயில் எழுதி வைத்தார். ஒரு நிபந்தனையையும் மறக்காமல் சேர்த்தார். அந்தச் சந்நிதியில் வழிபடவும் பாடவும் பெண்களுக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே அது. பட்ட காயம் அப்படி!

1952ம் ஆண்டு மே 19ம் தேதி, 73வது வயதில் திருவையாற்றில் காலமானார். தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் ஒரு சமாதி எழுப்பினார்கள். அங்கே அவருடைய சிலை ஒன்று இருக்கிறது. தியாகராஜரின் சந்நிதியைப் பார்த்தபடி, கைகளைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆராதனை அன்று பெண்கள் பாடும்போது, அந்தப் பாட்டு முதலில் போய்ச் சேரும் தூரத்தில்தான் அவர் இருக்கிறார்.